மிச்சமாகும் நிலம் யாருக்கு?

தொட்டியில் விளையும் உணவு, காட்டுக்குத் திரும்பும் வயல்... இந்தக் கனவில் விடுபட்டுப்போனவர்கள் யார்?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியை ஒட்டியிருக்கிறது வான்டா நகரம். அங்கே 2024-ல் ஒரு தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 20,000 லிட்டர் பிடிக்கும் ஓர் எஃகுத் தொட்டிதான் அதன் உயிர்நாடி. தொட்டி நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறைய பாக்டீரியா. மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை எடுக்கிறார்கள். அதைக் குமிழ் குமிழாகத் தொட்டிக்குள் விடுகிறார்கள். கூடவே கார்பன் டை ஆக்சைடு, ஆக்ஸிஜன், கொஞ்சம் அம்மோனியா, தாது உப்புகள். சர்க்கரை வேண்டாம், மாவு வேண்டாம், வெயிலும் வேண்டாம். ஹைட்ரஜனிலிருந்து சக்தியை எடுத்துக்கொண்டு பாக்டீரியா பெருகுகிறது. அந்தக் குழம்பை வடித்து, சூடாக்கி, உலர்த்தினால் மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி புரதம். பொடியின் பெயர் சோலீன். தயாரிக்கும் நிறுவனம் சோலார் ஃபுட்ஸ். 2022-ல் சிங்கப்பூர் அரசு இதை உணவாக விற்க அனுமதி கொடுத்தது.

தொடங்கியபோது ஆலையின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 160 டன். உலகம் ஓராண்டில் விளைவிக்கும் சோயா மொச்சை சுமார் 40 கோடி டன். அந்தக் கடலில் இது ஒரு துளிதான். ஆனாலும் இந்தப் பொடியைச் சுற்றி நடக்கும் விவாதம் பெரியது. அதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜார்ஜ் மான்பியோ. இந்தப் பொடியில் சுட்ட பான்கேக்கை ஆய்வகத்திலேயே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2020 ஜனவரியில் 'கார்டியன்' நாளிதழில் எழுதினார். 2022-ல் வெளியான 'ரீஜெனிசிஸ்' என்ற புத்தகத்தில் அதை முழு வாதமாக விரித்தார்.

அவர் சொல்வது இதுதான்: புரதத்தையும் கொழுப்பையும் தொட்டியில் தயாரித்துக்கொண்டால், ஆடு மாடு மேயும் நிலமும் அவற்றுக்குத் தீவனம் விளையும் நிலமும் விடுபடும். அந்த நிலத்தைக் காட்டுக்கும் சதுப்புக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டால், அழிந்துகொண்டிருக்கும் உயிரினங்கள் மீளும். காற்றில் கலந்த கரியில் ஒரு பகுதி மரத்துக்கும் மண்ணுக்கும் திரும்பும்.

பணக்கார நாட்டுக்காரரின் பகல் கனவு என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த வாதத்தில் பாதி உண்மை. அதை மறுக்க முடியாது. மறுபாதியில் மனிதர்கள் காணாமல்போகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிலத்தைத் தின்னும் தட்டு

மனிதர்கள் வாழத் தகுந்த நிலத்தில் ஏறக்குறையப் பாதி இன்று விவசாயத்தில் இருக்கிறது. அந்த விவசாய நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கால்நடைகளின் மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் போகிறது. அவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டு அவை நமக்குத் தருவது என்ன? உலகம் சாப்பிடும் கலோரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

2018-ல் ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 119 நாடுகளின் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் உலகம் விட்டுவிட்டால் விவசாய நிலத்தில் 76 சதவிகிதம் தேவைப்படாது என்றார்கள். 310 கோடி ஹெக்டேர்! இந்தியாவைப் போல ஒன்பது மடங்குக்கும் அதிகமான பரப்பு. அமேசான் காடு அழிவதற்கு முதல் காரணம் மாட்டுப் பண்ணை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், மான்பியோவின் ஆத்திரம் புரியும்.

நிலத்தை விடுங்கள், விலங்குக்கு வருவோம். நாமக்கல்லிலோ ஐதராபாத்திலோ அயோவாவிலோ, கூண்டுக் கோழிப் பண்ணையின் நடைமுறை ஒன்றுதான். கம்பிக் கூண்டில் ஒரு முட்டைக் கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது. சிறகை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற முடியாது. நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்பதால், குஞ்சிலேயே அலகு நுனியைச் சூட்டுக் கத்தியால் வெட்டிவிடுகிறார்கள். முட்டையிடாத சேவல் குஞ்சுகளுக்கு இந்தத் தொழிலில் வேலையில்லை. பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். கறிக்கோழியின் ஆயுள் ஆறு வாரம். இந்தக் கூண்டுகளை ஒழிக்க வேண்டும் என்று 2017-ல் இந்திய சட்ட ஆணையமே தன் 269-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. கூண்டுகள் இன்னும் இருக்கின்றன.

ஆறு வாரம் மட்டுமே வாழ்ந்து, வெளிச்சத்தையும் மண்ணையும் அறியாமல் சாகும் ஓர் உயிருக்குப் பதில், வலியே அறியாத பாக்டீரியாவிலிருந்து அதே புரதம் கிடைக்குமென்றால், அதை எதிர்க்க என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. 'செயற்கை' என்ற ஒரு சொல்லைக் காட்டி அதை விரட்டுவது சரியல்ல. இன்றைய சர்க்கரை நோயாளி போட்டுக்கொள்ளும் இன்சுலின் 1982 முதல் நுண்ணுயிரிகளிடமிருந்துதான் வருகிறது. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்துவந்த நொதியை 1990-க்குப் பிறகு தொட்டியில் தயாரிக்கிறார்கள். கடையில் வாங்கும் சீஸில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

ஆய்வகக் கறியின் கதை இதிலிருந்து வேறு. விலங்கின் செல்லை எடுத்துத் தொட்டியில் வளர்க்கும் முறை அது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட் 2013-ல் லண்டனில் காட்டிய முதல் பர்கருக்கு ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ. அந்தச் செல்களை வளர்க்க அப்போது பயன்பட்டது, வெட்டப்பட்ட சினைப் பசுவின் கருவிலிருந்து எடுக்கும் ரத்தச் சீரம். உயிர்வதை இல்லாத கறிக்கு அதைவிடப் பெரிய முரண்பாடு இருக்க முடியாது. சீரம் இல்லாமல் வளர்க்கும் வழியைப் பிறகு கண்டுபிடித்தார்கள். 2020 டிசம்பரில் உலகிலேயே முதல் நாடாக சிங்கப்பூர் இந்தக் கறியை விற்க அனுமதித்தது. 2024-ல் அங்கே ஒரு கறிக்கடையில் விற்பனைக்கு வந்த பாக்கெட்டில் ஆய்வகக் கோழி 3 சதவிகிதம்தான். மீதி தாவரப் புரதம். அந்த அளவுக்குத்தான் விலை கட்டுப்படியானது. இத்தாலி இதற்கு 2023-ல் தடையே போட்டுவிட்டது. நில விவாதத்தில் ஆய்வகக் கறியைவிட பாக்டீரியாப் புரதமே முக்கியம் என்று நினைக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கரன்ட் பில் யார் கட்டுவது?

மான்பியோவுக்கு எதிராக எழுந்த குரல்களில் கவனிக்க வேண்டியது கிறிஸ் ஸ்மேஜ் என்பவருடையது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் சிறு விவசாயி. 2023-ல் இதற்கு மறுப்பாகவே ஒரு புத்தகம் எழுதினார். அவரது முதல் கேள்வி மின்சாரம் பற்றியது. இலை மேல் விழும் வெயிலுக்கு பில் கிடையாது. தொட்டிக்குள் போகும் ஹைட்ரஜனின் ஒவ்வொரு குமிழுக்கும் பில் உண்டு. நிலக்கரியை நிறுத்தவே போதாத பசுமை மின்சாரத்தைச் சாப்பாட்டுக்கும் திருப்பினால் எங்கே போவது என்கிறார்.

இதற்கு மறுமொழியும் இருக்கிறது. சூரியத் தகடு பரப்பிய ஒரு நிலத்திலிருந்து கிடைக்கும் மின்சாரத்தில் பாக்டீரியாப் புரதம் தயாரித்தால், அதே பரப்பில் சோயா போடுவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் புரதம் கிடைக்கும் என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆக, நிலம் மிச்சமாவது உண்மை. காசு மிச்சமாகுமா என்பது வேறு விஷயம். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதை ஏற்கெனவே செய்து பார்த்தது. பில்லிங்ஹாமில் பிரம்மாண்டமான தொட்டி கட்டி, மெத்தனாலைத் தின்று வளரும் பாக்டீரியாவிலிருந்து 'ப்ரூட்டீன்' என்ற கால்நடைத் தீவனத்தை 1980-களில் தயாரித்தது. தொழில்நுட்பம் வென்றது, வியாபாரம் படுத்தது. சோயாப் புண்ணாக்கு அதைவிட மலிவாகக் கிடைத்ததே காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொட்டிக்கும் அம்மோனியா வேண்டும். யூரியா எந்த வழியில் பிறக்கிறதோ, அதே ஹேபர்-பாஷ் வழியில்தான் இன்று உலகின் அம்மோனியா பிறக்கிறது. உரத்திலிருந்து விடுதலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வயலில் கொட்டும் உரத்தில் ஒரு பகுதி வழிந்தோடி ஏரியையும் கடலையும் கெடுக்கிறது; மூடிய தொட்டியில் அப்படி வழியாது. அந்த நன்மை மட்டும் உண்டு.

ஸ்மேஜின் இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. விதை விவசாயி கையில் இருந்தது. தொட்டி யார் கையில் இருக்கும்? பாக்டீரியா ரகத்துக்குக் காப்புரிமை, செய்முறைக்குக் காப்புரிமை, கோடிக்கணக்கில் முதலீடு. உணவு உற்பத்தி ஒரு சில நிறுவனங்களின் கைக்குப் போனபின், வயலைவிட்டு வெளியே வந்தவருக்குத் திரும்பிப் போக வயலும் இருக்காது.

சம்பாரணில் நடந்தது

வயலில் விளைந்துகொண்டிருந்த ஒரு பொருளை ரசாயன ஆலை தயாரிக்க ஆரம்பித்தால் விவசாயிக்கு என்ன ஆகும்? இதற்கு விடை தேட நாம் ஊகிக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

துணிக்கு நீலச் சாயம் தருகிற அவுரிதான் அந்தப் பயிர். பிகாரின் சம்பாரண் மாவட்டத்தில் குத்தகை விவசாயி, ஒரு பிகா நிலத்தின் 20 கட்டாவில் 3 கட்டாவில் அவுரி போட்டே தீர வேண்டும். தீன்கட்டியா என்று அதற்குப் பெயர். விலையை முடிவுசெய்பவர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இயற்கை நீலத்தின் விலை சரிந்தது. அவுரிச் சாகுபடி மளமளவென்று சுருங்கியது.

யாரும் விரும்பிப் போடாத பயிர். அது ஒழிந்தால் விவசாயிக்கு விடுதலைதானே? அங்கேதான் கதை திரும்புகிறது. "அவுரிக் கட்டாயத்திலிருந்து உன்னை விடுவிக்கிறோம், பதிலுக்குக் குத்தகையைக் கூட்டிக் கொடு" என்று தோட்ட முதலாளிகள் கேட்டார்கள். இந்த உயர்வுக்கு ஷரஹ்பேஷி என்று பெயர். குத்தகையைக் கூட்ட வழியில்லாத இடங்களில் மொத்தமாக ஒரு தொகை கேட்டார்கள். அதற்குத் தாவான் என்று பெயர். கையில் காசு இல்லாதவர் வட்டியோடு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஜெர்மன் வேதியியலாளரின் கண்டுபிடிப்பால் முதலாளிக்கு வந்த நஷ்டத்தை, சம்பாரண் குடியானவர் கட்டினார்.

ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாமல் பின்தொடர்ந்து காந்தியை 1917-ல் அங்கே அழைத்துவந்த கதை நமக்குத் தெரியும். 1918-ல் சட்டம் வந்து தீன்கட்டியாவை ஒழித்தது. வசூலித்த தாவானில் விவசாயிகளுக்குத் திரும்பக் கிடைத்தது கால் பங்கு மட்டுமே. அவுரி விட்டுப்போன நிலம் காடாக மாறவும் இல்லை. மற்றப் பயிர்களும் கரும்பும் வந்தன.

செயற்கை உணவு பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குச் சம்பாரண்தான் நினைவுக்கு வருகிறது. புதிய பொருள் கெட்டது என்பதற்காக அல்ல. செயற்கை நீலம் யாரையும் கொல்லவில்லை. பழைய பயிர் போகும்போது அதன் நஷ்டம் யார் தலையில் விழும், நிலம் யார் கைக்குப் போகும் என்பதை ஆய்வகம் முடிவுசெய்வதில்லை. பத்திரம் வைத்திருப்பவர் முடிவுசெய்கிறார்.

படிக்கட்டில் 5,500 ஜோடி பூட்ஸ்

நிலத்தை இயற்கையிடம் ஒப்படைக்கும் முயற்சிகள் பிரிட்டனில் ஏற்கெனவே நடக்கின்றன. தெற்கு இங்கிலாந்தின் நெப் எஸ்டேட்டில் 3,500 ஏக்கர் பண்ணையை, நஷ்டம் தாங்காமல், 2001-லிருந்து படிப்படியாகப் புதருக்கும் மரத்துக்கும் விட்டார்கள். நைட்டிங்கேல் பறவைகள் திரும்பி வந்தன. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வெண்நாரைகள் 2020-ல் குஞ்சு பொரித்தன. பிரிட்டனில் பல நூறு ஆண்டுகளாக அது நடந்ததில்லை. படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நெப், ஒரு பிரபுக் குடும்பத்தின் சொந்த நிலம். முடிவெடுத்தவரும் விளைவை அனுபவித்தவரும் ஒருவரே.

வேல்ஸில் அப்படி இல்லை. அங்கே மலைச்சரிவில் ஆடு வளர்ப்பவர்கள், வெல்ஷ் மொழியை இன்னமும் வீட்டில் பேசிக் காப்பாற்றுபவர்கள். 2018-ல் 'மலையுச்சி முதல் கடல் வரை' என்ற பெயரில் சுமார் 10,000 ஹெக்டேர் நிலத்தை இயற்கைக்கு மீட்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. எங்களைக் கேட்காமல் எங்கள் ஊருக்கு வரைபடம் போட்டது யார் என்று விவசாயிகள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே 'ரீவைல்டிங் பிரிட்டன்' அமைப்பு திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

அந்தக் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. 1965-ல் கேப்பல் கெலின் என்ற வெல்ஷ் கிராமம், பள்ளிக்கூடம், தேவாலயம், கல்லறையோடு அணைக்குள் மூழ்கியது. வெளியூர்க்காரர் நல்ல காரணம் சொல்லிக்கொண்டு நிலம் கேட்டு வரும்போது, அந்த மக்களுக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

பிறகு வேல்ஸ் அரசே, மானியம் வேண்டுமென்றால் நிலத்தில் 10 சதவிகிதம் மரம் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையை முன்வைத்தது. 2024 மார்ச் 6 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸ் நாடாளுமன்றத்தின் படிக்கட்டில், விவசாயிகள் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸ்களை வரிசையாக வைத்தார்கள். அந்தத் திட்டத்தால் போகக்கூடிய வேலைகளின் மதிப்பீடு 5,500. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜோடி. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு 10 சதவிகித நிபந்தனையைக் கைவிட்டது. நெதர்லாந்திலும் இதே கதைதான். நைட்ரஜன் மாசைக் குறைக்கக் கால்நடைகளை வெட்டிக் குறைக்கப் பார்த்தார்கள். டிராக்டர்கள் நெடுஞ்சாலைக்கு வந்தன. 2023-ல் விவசாயிகள் கட்சி மாகாணத் தேர்தல்களில் முதலிடம் பிடித்தது. மக்களைக் கேட்காமல் இயற்கையைக் காப்பாற்றக் கிளம்பினால், கடைசியில் தோற்பது இயற்கைதான்.

கேட்டுச் செய்த இடமும் ஒன்று இருக்கிறது. கோஸ்டா ரிகா நாட்டின் குவானகாஸ்தே பகுதியில் நம் ஊர் இலையுதிர் காடுகளைப் போன்ற வறண்ட வெப்பமண்டலக் காடு இருந்தது. மாட்டுப் பண்ணைக்காக அதை அழித்து, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹராகுவா என்ற புல்லை விதைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் புல் பற்றி எரியும். தலைகாட்டிய மரக்கன்றுகள் கருகிவிடும். 1980-களில் மாட்டிறைச்சி விலை விழுந்தது, பண்ணைகள் தள்ளாடின. உயிரியலாளர் டேனியல் ஜான்சனும் வினி ஹால்வாக்ஸும் நிலத்தை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தார்கள். காடு திரும்ப அவர்கள் முதலில் செய்தது மரம் நடுவது அல்ல, தீயை நிறுத்துவது. தீயணைக்கும் வேலையில் அந்தப் பண்ணைகளில் வேலைபார்த்த உள்ளூர்க்காரர்களையே சேர்த்தார்கள். கிராமத்து ஆண்களும் பெண்களும் பூச்சிகளையும் தாவரங்களையும் சேகரித்து வகைப்படுத்தப் பயிற்சி பெற்றார்கள்; மாதச் சம்பளத்துக்கு. புல் உயரமாக வளர்ந்து தீப்பிடிக்காமல் இருக்க, ஆரம்ப ஆண்டுகளில் மாடுகளையே மேயவிட்டார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. 1999-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோஸ்டா ரிகா அரசு 1997 முதல் எரிபொருள் வரியிலிருந்து, காட்டை விட்டுவைக்கும் நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுக்கிறது. நாட்டின் பாதிக்கு மேல் இன்று மீண்டும் மரம். அதிலும் ஒரு குறை: ஆரம்பத்தில் பணத்தில் பெரும்பங்கு பெரிய நிலக்காரர்களுக்கே போனது. பட்டா இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியவில்லை.

கிடை ஆடு எந்தக் கணக்கில் வரும்?

இனி நம் ஊர். ஐந்தில் நான்கு பங்கு நிலம் என்ற உலகக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால், அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் எனப்படும் ஆட்டிடையர்கள் ஆட்டுக்கிடை போட்டிருப்பதைப் பார்க்கலாம். பகலெல்லாம் கண்மாய்க்கரையிலும் தரிசிலும் தாளிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலுக்குள் அடைக்கிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்குகின்றன. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வயல்காரர் கீதாரிக்குக் கொடுக்கிறார். மறுநாள் கிடை அடுத்த துண்டுக்கு நகர்கிறது. இந்த ஆடுகளுக்கென்று எவரும் ஒரு சென்ட் நிலத்தில்கூடத் தீவனம் பயிரிடவில்லை. வைக்கோலும் வரப்புப் புல்லும் தின்று பால் கறக்கிற, நிலமில்லாத பெண்ணின் ஒற்றை மாடும் அப்படித்தான். இந்தியாவின் பண்ணைகளில் 86 சதவிகிதம் 2 ஹெக்டேருக்கும் குறைந்தவை. தமிழ்நாட்டில் சராசரி முக்கால் ஹெக்டேர். இங்கே ஆடும் மாடும் வங்கிக் கணக்கு. மழை பொய்த்த ஆண்டில் எடுத்துச் செலவழிக்கிற பணம்.

மான்பியோவின் கணக்கு நமக்குப் பொருந்தும் இடம் கோழிப் பண்ணைதான். நாமக்கல் முட்டையும் பல்லடம் கறிக்கோழியும் நிற்பது மக்காச்சோளத்தின் மேலும் சோயாப் புண்ணாக்கின் மேலும். சோயா வருவது பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும். பாக்டீரியாப் புரதம் மலிவானால், நம் தட்டுக்கு வருவதற்கு முன் அது தீவன மூட்டைக்குள்தான் வரும், ஐ.சி.ஐ. 40 ஆண்டுகளுக்கு முன் குறிவைத்ததும் அதைத்தான். ஆய்வகக் கறியைவிட இதை முக்கியமாக நான் நினைப்பதற்குக் காரணம் இதுவே. அப்போது முதல் அடி விழப்போவது மத்தியப் பிரதேசத்தின் மால்வாவிலும் மகாராஷ்டிராவின் விதர்பாவிலும் இருக்கும் மானாவாரி சோயா விவசாயிக்கு. மாட்டுக்காரர் அதற்குப் பிறகுதான். 2021-ல் சோயா விலை ஏறியபோது, கோழித் தொழிலின் கோரிக்கையை ஏற்று மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. நல்ல விலை கண்ணில் பட்ட ஒரே ஆண்டில் அது கையைவிட்டுப் போனதை அந்த விவசாயிகள் மறக்கவில்லை. விதர்பா என்ற பெயரோடு விவசாயிகள் தற்கொலை என்ற சொல்லும் சேர்ந்தே வருகிற நாடு இது. அவர்களுக்கு மாற்று என்ன என்று எழுதாமல் ஒரு மூட்டை தொட்டிப் புரதத்தைக்கூட உள்ளே விடக் கூடாது.

நிலத்தை இயற்கையிடம் ஒப்படைப்பதிலும் நமக்கு அனுபவம் உண்டு, கசப்பான அனுபவம். தேனி மாவட்டத்தில் மலைமாடு வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மேகமலைக் காட்டில் மேய்த்தவர்கள். 2021-ல் அது திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்கள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, தடை புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் என்று திருத்தியது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. அதை முடிவுசெய்ய வேண்டியது கிராம சபை. கிராம சபை கேட்கப்படுவதற்கு முன்பே காட்டு வாசலில் தடை வந்து நின்றது. புலிக்குக் காடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காட்டுக்கான விலையை மலைமாட்டுக்காரர் ஒருவர் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

தொட்டிக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. கீதாரிகளின் மாவட்டம் அது. வேலி போட்ட நிலத்துக்குள் ஆடு போகாது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'தரிசு' என்று பதிவேட்டில் எழுதப்பட்ட நிலத்தில் யாருமே வாழவில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். கூண்டுக் கோழியையும், அமேசானைத் தின்னும் மாட்டுப் பண்ணையையும் தொட்டிப் புரதம் ஒழிக்குமானால், அதை இரு கை நீட்டி வரவேற்கிறேன். கிடை ஆட்டையும் ஒற்றைப் பசுவையும் அதே தராசில் வைப்பதை ஏற்க மாட்டேன். பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுக்குத் தனியார் காப்புரிமை கூடாது. கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024-ல் ஒரு ஸ்டார்ட்-அப் நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வக மீன் இறைச்சிக்கான வேலையைத் தொடங்கியது. அந்த ஒப்பந்தத்தின் பலன் கரைவலைக்காரருக்கு எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். விவசாயி விட்டுக்கொடுக்கும் நிலத்துக்கு, மரம் நிற்கும் காலம் முழுவதும் ஆண்டுதோறும் பணம் வர வேண்டும். பட்டா இல்லாத மேய்ப்பவருக்கும் அதில் பங்கு வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கும். அதில் மேய்க்கால் புறம்போக்கு என்று எத்தனை ஏக்கர் பதிவாகியிருக்கிறது, அந்த இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அந்தக் கணக்கை எழுந்து நின்று வாசியுங்கள்; தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.